மாறும் எச்சரிக்கையும் மாறாத கடமையும்

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 27:9-44, 11:27-30



சேலத்திலும் நாமக்கல்லிலும் நண்பகல் வேளையில் வெளியே தலைகாட்ட இயலாத நாட்கள் இவை. வெயிலைப் பற்றிய பேச்சு பருவநிலை மாற்றத்தைப் பற்றிய பேச்சாகத் திரும்பும்போதெல்லாம் நம்மிடையே ஒரு மறுப்பு தவறாமல் எழுகிறது. “விஞ்ஞானிகள் ஒருமுறை ஒன்று சொல்கிறார்கள், அடுத்த முறை வேறொன்று சொல்கிறார்கள். அவர்களுக்கே நிச்சயமில்லாத ஒன்றுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? தேவனுடைய வார்த்தை ஒன்றே மாறாதது” என்கிறார்கள். கடைசி வாக்கியம் முற்றிலும் உண்மை. ஆனால் அந்த உண்மையைக் கொண்டு முதல் கேள்விக்கு விடை கூறுவது சரியன்று. மாறாத வார்த்தையை உடைய நாம், மாறிக்கொண்டிருக்கும் எச்சரிக்கையை எப்படிக் கேட்க வேண்டும் என்பதையும் அந்த வார்த்தையே நமக்குக் கற்பிக்கிறது. அதையே இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

பவுல் இருமுறை சொன்னது

ரோமாபுரிக்குக் கைதியாகக் கொண்டுசெல்லப்பட்ட பவுல், கிரேத்தா தீவின் ‘நல்ல துறைமுகம்’ என்னும் இடத்தில் கப்பலில் இருந்தவர்களை எச்சரித்தார். குளிர்காலம் நெருங்கிவிட்டது, இப்போது புறப்பட்டால் சரக்குக்கும் கப்பலுக்கும் மட்டுமல்ல, உயிர்களுக்கும் சேதம் வரும் என்றார். நூற்றுக்கதிபதியோ அவரை விடக் கப்பலோட்டியையும் கப்பலின் உரிமையாளரையுமே நம்பினான். பெரும்பாலானோரும் அவர்கள் பக்கமே நின்றார்கள். தென்றல் மெல்ல வீசியபோது தங்கள் தீர்மானமே சரி என்று எண்ணினார்கள். பின்பு யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்று மோதியது.

பல நாட்கள் சூரியனும் நட்சத்திரங்களும் காணப்படாமற்போன பின்பு, பவுல் மீண்டும் எழுந்து நின்று பேசினார். இம்முறை அவர் சொன்னது வேறு. கப்பல் அழியும், ஆனால் ஒருவருடைய உயிரும் போகாது என்றார். முதலில் உயிர்ச்சேதம் உண்டு என்றவர், இப்போது இல்லை என்கிறார். இடையில் நடந்தது என்ன? தேவதூதன் இரவில் அவரண்டை நின்று, முன்பு அவர் அறியாததை அறிவித்திருந்தான். புதிதாக அறிந்ததற்கேற்ப அவர் தம் மதிப்பீட்டைத் திருத்தினார். ஆயினும் மையச் செய்தி மாறவில்லை. ஆபத்து மெய்யானது, கப்பல் தப்பாது என்பதில் அவர் முதலிலும் பின்பும் உறுதியாகவே இருந்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். “அன்று உயிர் போகும் என்றீரே, இன்று போகாது என்கிறீரே, ஆகையால் உம்மை நம்ப மாட்டோம்” என்று அந்தக் கப்பலில் ஒருவரும் வாதாடியதாக லூக்கா எழுதவில்லை. கப்பலாட்கள் படகில் தப்பி ஓட முயன்றபோது, அவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள் என்று பவுல் சொன்ன மாத்திரத்தில் போர்ச்சேவகர் படகின் கயிறுகளை அறுத்துவிட்டார்கள். முதல் எச்சரிக்கையைத் தள்ளியவர்கள், திருத்தப்பட்ட எச்சரிக்கைக்குச் செவிகொடுத்தார்கள். இருநூற்று எழுபத்தாறு பேரும் கரைசேர்ந்தார்கள்.

தாது வருடம் முதல் இன்று வரை

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு நீண்ட சாட்சி உண்டு. நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று பெயரிட்டு நினைவில் வைத்திருந்த 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தில் மிகக் கொடுமையாக வாட்டிய மாவட்டங்களுள் சேலம் ஒன்று. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 19 இலட்சத்து 60 ஆயிரமாக இருந்த இம்மாவட்டத்தின் மக்கள்தொகை, 1881இல் 16 இலட்சமாகச் சுருங்கியிருந்தது. இறந்தவர்களும் ஊரைவிட்டு ஓடியவர்களுமாக அந்த இடைவெளி நிற்கிறது. மழை தவறியது மட்டும் அதற்குக் காரணமன்று. பட்டினியால் மெலிந்தவனுக்கு ஒரு நாள் வேலைக்குக் கூலியாக ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் போதும் என்று கணக்கிட்ட ஆட்சியின் கல்நெஞ்சமும் காரணம்.

இந்திய வானிலைத் துறை 1875இல்தான் தொடங்கப்பட்டிருந்தது. பஞ்சத்தின் அதிர்ச்சிக்குப் பின், பருவமழையை முன்கூட்டியே அறிய முடியுமா என்று அதன் தலைவர் ஹென்றி பிளான்போர்டு ஆராய்ந்தார். இமயத்தில் பனி அதிகம் பெய்தால் அடுத்த பருவமழை குறையும் என்று அவர் கண்டார். 1886 முதல் முறையான பருவமழைக் கணிப்புகள் வெளிவந்தன. ஆனால் 1899இல் மழை மிகுதி என்று கணித்த ஆண்டில் நாட்டின் பெரும்பகுதியை வறட்சி தாக்கியது. நகைப்புக்கும் கண்டனத்துக்கும் குறைவில்லை. அத்துடன் அந்த முயற்சி கைவிடப்பட்டிருந்தால் என்னவாயிருக்கும்?

கைவிடப்படவில்லை. 1904இல் பொறுப்பேற்ற கணித அறிஞர் கில்பர்ட் வாக்கர், பனியை மட்டும் பார்த்தால் போதாது என்று உணர்ந்து உலகெங்கிலுமிருந்து காற்றழுத்தப் பதிவுகளைச் சேர்த்தார். பசிபிக் பெருங்கடலின் பக்கம் அழுத்தம் உயர்ந்தால் இந்தியப் பெருங்கடலின் பக்கம் தாழ்வதையும், அது இது தாழும்போது அது உயர்வதையும் கண்டு, அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். அது ஏன் நிகழ்கிறது என்பதை அவரால் விளக்க இயலவில்லை. 1969இல் ஜேக்கப் பியர்க்னெஸ் என்னும் அறிஞர் அதனைப் பசிபிக் கடல்நீர் வெப்பமடையும் எல் நினோவோடு இணைத்தார். தாது வருடப் பஞ்சத்தை நீட்டித்த 1877ஆம் ஆண்டின் மழைத்தவறுதலுக்குப் பின்னால் மிக வலிய எல் நினோ ஒன்று இருந்தது என்பது இவ்வாறுதான் தெளிவாயிற்று. நம் ஊர்கள் எதனால் வறண்டன என்பதை மனிதர் அறிந்துகொள்ள ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைத் திருத்தியது. அப்படித் திருத்தியதனாலேயே அறிவு வளர்ந்தது.

உறுதியாகிவந்த சொற்கள்

உலகத்தின் பருவநிலையைப் பற்றிய மதிப்பீடும் இவ்வழியிலேயே நடந்துவந்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஆதரவில் 1988இல் அமைக்கப்பட்ட ஐபிசிசி, அதாவது காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுக் குழு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகின் ஆய்வுகளைத் தொகுத்து அறிக்கை தருகிறது. 1990இல் வந்த முதல் அறிக்கை மிகுந்த தயக்கத்தோடு பேசியது. பூமி வெப்பமாகிறது, ஆனால் அது மனிதரால்தான் என்று ஐயமின்றிக் கண்டறிய இன்னும் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம் என்றது. 1995இல், மனிதரின் பங்கு புலப்படுகிறது என்றது. 2001இல், அண்மை வெப்ப உயர்வின் பெரும்பகுதி மனிதரால் நேர்ந்திருக்க நூற்றுக்கு 66 பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு என்றது. அது 2007இல் 90 ஆகவும், 2013இல் 95 ஆகவும் உயர்ந்தது. 2021இல், மனிதரின் செயலே பூமியை வெப்பமாக்கியது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை என்றது.

இதை ‘மாற்றி மாற்றிச் சொல்வது’ என்று அழைப்பது நியாயமா? தூரத்தில் வருபவரை முதலில் மனிதர் என்றும், நெருங்கியதும் ஆண் என்றும், இன்னும் நெருங்கியதும் இன்னார் என்றும் சொல்பவன் பொய்யன் அல்லன். அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். நாம் அறிவது குறைவுள்ளது என்று கொரிந்தியருக்கு எழுதிய அப்போஸ்தலன், அறிவே வேண்டாம் என்று எழுதவில்லை.

ஆபத்தின் அளவைப் பற்றிய மதிப்பீடோ வேறொரு பாடம் சொல்கிறது. பெரும் பனிப்பாளங்கள் நிலைகுலைவது போன்ற, திரும்பப் பெற இயலாத மாற்றங்கள் ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால்தான் நேரக்கூடும் என்று சுமார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கருதப்பட்டது. 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் வந்த அறிக்கைகளோ, 1 முதல் 2 டிகிரிக்குள்ளேயே அவற்றுள் சில தொடங்கக்கூடும் என்றன. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் 2011-2020ஆம் பத்தாண்டின் சராசரி வெப்பம் 1.1 டிகிரி உயர்ந்திருந்தது. 2024ஆம் ஆண்டு மட்டும் 1.5 டிகிரியைத் தாண்டியது. மாடியிலிருந்து பார்த்து, நெருப்பு அடுத்த தெருவில் என்று எண்ணியிருந்தோம். கீழே இறங்கிப் பார்த்தபோது அடுத்த வீட்டில் இருக்கிறது.

தவறும் திருத்தமும்

அந்த அறிக்கைகள் தவறியதே இல்லையா? தவறியிருக்கின்றன. 2007ஆம் ஆண்டு அறிக்கையின் ஒரு பகுதியில், இமயத்தின் பனியாறுகள் 2035ஆம் ஆண்டுக்குள் மறைந்துபோகலாம் என்று ஒரு வரி இருந்தது. அதற்குத் தக்க ஆதாரம் இல்லை. நம் நாட்டின் பனியாறு ஆய்வாளர்களே அந்தக் கூற்றோடு முரண்பட்டார்கள். 2010 ஜனவரியில் ஐபிசிசி அந்த வரி சரியான ஆதாரமின்றிச் சேர்க்கப்பட்டது என்று வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது. அதன் நடைமுறைகளை ஆராய வெளியிலிருந்து அறிஞர் குழு ஒன்றும் அழைக்கப்பட்டது. பனியாறுகள் உருகுவது மெய். அந்தத் தேதிதான் பொய். தவறை மறைக்கும் சாட்சியை விட, அறிக்கையிட்டுத் திருத்தும் சாட்சியே நம்பத்தக்கது. மனந்திரும்புதலைப் பிரசங்கிக்கும் நமக்கு இது விளங்காத காரியமா?

இன்னொரு மாற்றம் மகிழ்ச்சிக்குரியது. கரிப்புகை கட்டுக்கடங்காமல் பெருகும் என்று வரையப்பட்ட மிக மோசமான பாதை, இப்போது முன்பு எண்ணியதை விடக் குறைந்த வாய்ப்புடையதாகக் கருதப்படுகிறது. சூரிய ஒளியிலும் காற்றிலும் மின்சாரம் எடுப்பது மலிவானதும், நாடுகள் ஓரளவேனும் நடவடிக்கை எடுத்ததும் இதற்குக் காரணம். உடனே சிலர், “பார்த்தீர்களா, பயமுறுத்தியது வீண்” என்கிறார்கள். யோனாவும் அப்படித்தான் வருந்தினார். நாற்பது நாளில் அழியும் என்று அவர் அறிவித்த நினிவே அழியவில்லை. ஏனென்றால் நினிவே கேட்டது. எச்சரிக்கை செவியில் ஏறி வழி மாறுமானால், அது பொய்த்துப்போன எச்சரிக்கை அன்று; பலித்த எச்சரிக்கை. ஆனால் நினிவே மனந்திரும்பிய அளவுக்கு நாம் இன்னும் திரும்பவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

விதைப்பும் அறுப்பும் ஒழியாதே?

ஆதியாகமம் 8:22இல் நோவாவுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கை எடுத்துக்காட்டி, பருவங்கள் நிலைத்திருக்கும் என்று தேவனே சொன்ன பின் கவலை ஏன் என்று கேட்போர் உண்டு. அந்த வாக்குத்தத்தம் மெய்யானது. நாம் அதன்மேல் நின்றே பயிரிடுகிறோம். ஆனால் அந்த வாக்கு கொடுக்கப்பட்ட பின்புதான் யோசேப்பின் நாட்களில் ஏழாண்டுப் பஞ்சம் வந்தது. எலியாவின் நாட்களில் வானம் அடைபட்டது. நம் சேலத்தில் தாது வருடம் வந்தது. பூமி நிலைத்திருக்கும் என்பது வாக்கு. ஏழையின் வயல் நம் அலட்சியத்தால் காயாது என்பது அந்த வாக்கில் இல்லை. தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதன் வைக்கப்பட்டான் என்று அதே ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் கூறுகிறது. வாக்குத்தத்தத்தைக் காட்டிக் கட்டளையைத் தட்டிக்கழிப்பது விசுவாசம் அன்று.

ஒவ்வொரு வறட்சியையும் வெள்ளத்தையும் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 2018இல் மேட்டூர் அணை 120 அடியை எட்டி நிரம்பி வழிந்து, குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் காவிரிக்கரை வீடுகளில் தண்ணீர் புகுந்தது. இவற்றில் மழையின் இயல்பான ஏற்றத்தாழ்வும் உண்டு. ஆற்றோரத்தில் வேறு இடமின்றி வீடு கட்டியவர்களின் வறுமையும் உண்டு. உண்மைக்காக வாதாடுகிறவர்கள் உண்மையை மிகைப்படுத்தக் கூடாது.

நாம் ஏற்கெனவே அறிந்த ஞானம்

மாறும் கணிப்பை நம்பி நடப்பது நமக்குப் புதியதும் அன்று. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இயங்கும் வானிலை ஆலோசனை மையம், வரும் நாட்களின் வெப்பம், காற்று, ஈரப்பதம் ஆகியவற்றைக் கணித்துக் கோழிப்பண்ணையாளர்களுக்கு அறிவுரை வழங்கிவருகிறது. நம் சபையிலும் அதை வாசிப்போர் உண்டு. வெப்பம் மிகும்போது கோழி வாய்பிளந்து மூச்சிரைக்கிறது. அதனால் உடலின் கரியமில வாயு மிகுதியாக வெளியேறி, முட்டை ஓடு மெலிகிறது. தீவனம் எடுப்பதும் குறைகிறது. ஆகவே கணிப்பைக் கண்டவுடன் பண்ணையாளர் கூரைமேல் தண்ணீர் தெளிக்கிறார். தீவனத்தைக் குளிர்ந்த வேளைக்கு மாற்றுகிறார். குடிநீரில் வைட்டமின் சி கலக்கிறார். “சென்ற வாரம் 38 என்றார்கள், இந்த வாரம் 40 என்கிறார்கள், இவர்களுக்கே தெரியாது” என்று சொல்லிக் கைகட்டி நிற்கும் பண்ணையாளரை நான் கண்டதில்லை. திருத்தப்பட்ட கணிப்பு புதிய கணிப்பு என்பதால்தான் அதற்கு மதிப்பு.

கோழிக்குக் காட்டும் இந்தக் கவனத்தை மனிதருக்குக் காட்டுகிறோமா? ஜவ்வரிசி ஆலைக் களத்தில் நண்பகல் வெயிலில்தான் மாவைக் காயவைக்க வேண்டும். அந்தச் சூட்டில் நிற்கிறவர்கள் கூலிப் பெண்கள். விசைத்தறிக் கூடத்தின் தகரக் கூரைக்கடியிலும், லாரி கூண்டு கட்டும் பட்டறையின் பற்றவைப்பு நெருப்பருகிலும், கட்டட வேலையிலும், துப்புரவுப் பணியிலும் நம் சபையாரே இருக்கிறார்கள். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்து, அதனால் இறப்போரின் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. வெயில் என்றால் வெயில்தானே என்று நாம் சொல்லிவந்த ஒன்றை அரசு பேரிடர் என்று திருத்தி எழுதியிருக்கிறது. சபை தன் எண்ணத்தைத் திருத்தாமலிருப்பதா?

அந்தியோகியா செய்தது

அகபு என்பவர் அந்தியோகியாவில் எழுந்து, பெரும்பஞ்சம் வரும் என்று ஆவியானவரால் உணர்த்தினார். எந்த ஆண்டு, எத்தனை மாதம், எத்தனை பேர் என்ற விவரம் எதையும் லூக்கா எழுதவில்லை. அந்தச் சபை விவரத்துக்காகக் காத்திருக்கவும் இல்லை. அவரவர் திராணிக்கேற்பப் பணம் சேர்த்து, யூதேயாவிலிருந்த சகோதரருக்கு அனுப்பிவைத்தார்கள். எச்சரிக்கையைக் கேட்டவுடன் யார் முதலில் துன்பப்படுவார்கள் என்று அவர்கள் சிந்தித்தார்கள். இதுவே சபையின் பதில்.

நம் திராணிக்கேற்ற நான்கு காரியங்களைச் சேகரக் குழுவின் முன்பு வைக்கிறேன். முதலாவது, மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியைக் காலை 7 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடிப்போம். நேரத்தை மாற்றினால் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்ற அச்சத்தை விட, நண்பகலில் பிள்ளைகளை வீட்டுக்கு நடக்கவிடும் அச்சம் பெரிதாக இருக்கட்டும். இரண்டாவது, பெரிய வெள்ளியின் மும்மணி ஆராதனையை நேரம் மாற்றாமல் நடத்துவோம். ஆனால் நிழலும் குடிநீரும் இல்லாமல் நடத்தக் கூடாது. மூன்றாவது, ஏப்ரல், மே மாதங்களில் ஆலய மண்டபத்தை நண்பகல் 12 மணி முதல் 4 மணி வரை தெருவில் உழைக்கும் எவருக்கும், எந்த மதத்தினராயினும், திறந்துவைப்போம். நான்காவது, தனித்து வாழும் முதியோரின் பெயர்களை எழுதி, வெயில் மிகுந்த நாட்களில் நாளுக்கு ஒருமுறை ஒருவர் சென்று பார்க்கும்படி வாலிபர் சங்கம் பொறுப்பேற்கட்டும்.

இவற்றால் உலகத்தின் வெப்பம் குறைந்துவிடாது என்பது எனக்குத் தெரியும். கரியைக் குறைக்கும் கடமை அரசுகளுக்கும் பெருந்தொழில்களுக்கும் முதலில் உண்டு. அதைக் கேட்டு வாங்கும் குடிமக்களாகவும் நாம் இருக்க வேண்டும். அந்தியோகியாவின் காணிக்கையும் பஞ்சத்தை நிறுத்தவில்லை. பஞ்சத்தில் சகோதரன் தனித்து விடப்படாதபடி அது பார்த்துக்கொண்டது.

அடுத்த அறிக்கை வரும். எண்கள் மீண்டும் மாறும். சில உயரும், சில தாழும். அப்போது, “மறுபடியும் மாற்றிவிட்டார்கள்” என்று ஏளனம் செய்யாமல், “இப்போது என்ன கண்டார்கள்? அதற்கேற்ப நாம் யாரைக் காக்க வேண்டும்?” என்று கேட்கிற சபையாக நாம் இருப்போமாக.

ஜெபம்: வானத்தையும் பூமியையும் உண்டாக்கின பிதாவே, நாங்கள் அறிவது கொஞ்சம் என்று தாழ்மையோடு ஒப்புக்கொள்ளுகிறோம். கொஞ்சம் அறிந்ததற்கும் கீழ்ப்படியாத இருதயத்தை எங்களிடமிருந்து எடுத்துப்போடும். இந்தக் கோடையில் வெயிலில் நிற்கிற எங்கள் சகோதர சகோதரிகளைக் காத்தருளும்; அவர்களைக் காக்க எங்கள் கைகளையும் பயன்படுத்தும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம். ஆமென்.